மூலையில் வந்து நிற்கும் செய்தி

ஆனி 19, வியாழன்

விடிந்ததிலிருந்து சாரல். துவைத்த விரிப்பு எதுவும் காயவில்லை. மாடி வராண்டா முழுக்கக் கொடி. ஈரத் துணிக்குள் புகுந்து புகுந்து நடக்க வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியது: ரூம் 4 கீசர். மதுரைக்காரர்களுக்கு வேன் சொல்ல. கம்ப்யூட்டர்.

கம்ப்யூட்டர்தான் பெரிய தொல்லை. திரையின் வலது மூலையில் ஒரு பெட்டி வந்து நிற்கிறது. புதிய பதிப்பு வந்திருக்கிறதாம், இப்போதே அப்டேட் செய்ய வேண்டுமாம். 'பிறகு' என்பதை அமுக்கினால் போகும். கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும். ரிசப்ஷனில் ஆட்கள் நிற்கும்போதுதான் சரியாக வரும். இன்று கோட்டயத்துக் குடும்பம் ஒன்று. அவர்கள் ஆதார் நகலை ஏற்றப் போகும்போது பெட்டி வந்து பொத்தானை மறைத்துவிட்டது. அந்த அம்மா எட்டிப் பார்த்து, "சேச்சி, அது அப்டேட் செய்தா மதி, பின்னே வரில்லா" என்றாள். அப்டேட் செய்தால் போதுமாம், பிறகு வராதாம்.

செய்தேன். அட்மின் பாஸ்வேர்டு கேட்டது. எனக்குத் தோன்றியதையெல்லாம் அடித்தேன். என் வீட்டுக்காரர் பெயர், மகள் பெயர், லாட்ஜ் பெயர். ஒன்றும் சரியில்லை. மேசை என்னுடையது, வேலை என்னுடையது, பாஸ்வேர்டு மட்டும் யாரிடமோ.

இவர் இருந்தவரை இதெல்லாம் இவர் பாடு. இவர் போன பிறகு இது இரண்டாவது சீசன்.

சாயங்காலம் பெரியத்தான் போன். சிவகிரியிலிருந்து. இவருடைய அண்ணன், பட்டாளத்தில் சுபேதாராக இருந்து வந்தவர். லாட்ஜில் அவருக்கும் பங்கு. "செண்பகம், ரூம் ஏழ ஏன் காலியாவே போட்டுருக்கே?" என்றார். ஒழுகுகிறது, அதனால் யாருக்கும் கொடுக்கவில்லை என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. சிவகிரியில் இருக்கிறவருக்கு ஏழு காலி என்று எப்படித் தெரியும்?

வேலம்மாள் சொல்லியிருப்பாள். ரூம் கூட்டுகிறவளுக்குத்தானே தெரியும்.

ஆனி 20, வெள்ளி

மழை விட்டு விட்டு. தென்காசியிலிருந்து ரஹீம் வந்தான், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறவன். நனைந்து வந்தான். துண்டும் டீயும் கொடுத்தேன். ரொம்ப நேரம் உட்கார்ந்து விண்டோஸை முழுசாக அப்டேட் செய்தான்.

"எல்லாம் முடிஞ்சிட்டுக்கா. இனி வராது."

பாஸ்வேர்டு என்ன என்று கேட்டேன். "அது எதுக்குக்கா ஒங்களுக்கு? எதாவது கேட்டா எனக்கு ஒரு போன் போடுங்க" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

அவன் வண்டி வளைவு தாண்டியிருக்காது. பெட்டி வந்துவிட்டது.

வேலம்மாள் வாளியோடு நின்று பார்த்துவிட்டு, "திரும்பக் கூப்பிடணும்னே ஒண்ண வச்சிட்டுப் போயிருப்பான். எங்க வீட்டு டி.வி.க்கு வந்தவனும் அப்படித்தான் செஞ்சான்" என்றாள்.

சரி, நீ மட்டும் என்ன என்று நினைத்து அவளிடம் ஏழாம் ரூமைப் பற்றிக் கேட்டேன். "நான் எதுக்குக்கா அந்த அண்ணாச்சிகிட்டப் பேசப் போறேன்? அவுக நம்பரே எங்கிட்டக் கெடையாது." முகத்தையே பார்த்தேன். பொய் சொல்கிற முகமா என்று தெரியவில்லை. அவள் முகம் எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

ரூம் 4 கீசர் இன்னும் சரியாகவில்லை.

ஆனி 21, சனி

மெயின் அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை. வந்தவர்களெல்லாம் ரூமிலேயே அடைந்து கிடக்கிறார்கள். ஆளுக்கு ஒரு குறை. போர்வை போதாது, டீ ஆறிவிட்டது, வைஃபை வரவில்லை.

இன்று முதல் தடவையாக அந்தப் பெட்டியை வரி விடாமல் வாசித்தேன். இத்தனை நாள் வந்ததும் அமுக்கி அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன். அது விண்டோஸ் இல்லை. பிரவுசரும் இல்லை. வேறு ஏதோ ஒரு பெயர். பக்கத்தில் எதிரெதிராக இரண்டு அம்புக்குறி.

அந்தப் பெயரை என் போனில் தேடினேன். கம்ப்யூட்டரில் தேடத் துணியவில்லை. ஏன் என்று அப்போது தெரியாது. ஒருவர் தமிழில் விளக்குகிறார்: ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு இன்னோர் ஊர் கம்ப்யூட்டரின் திரையைப் பார்க்கலாம். மவுஸைக்கூட நகர்த்தலாம். போனிலிருந்தே முடியும். யாராவது பார்க்கிற நேரத்தில் கீழே உள்ள சின்னப் படம் சாம்பலிலிருந்து பச்சையாகும்.

கீழே பார்த்தேன். சாம்பல்.

திரைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். பிறகு சிரிப்பு வந்தது. துண்டு என் கண்ணைத்தானே மறைக்கும்.

நம் கம்ப்யூட்டரில் கேமரா கிடையாது. ஆகவே என் முகம் தெரிந்திருக்காது. திரையில் இருந்தது மட்டும்தான். ஆனால் என்னவெல்லாம் இருந்தது? ரூம் கணக்கு. மகளுக்கு எழுதிய மெயில். முட்டி வலிக்கு டாக்டர் தேடியது. மத்தியானம் ஆள் இல்லாத நேரம் நான் போட்டுப் பார்க்கிற வீடியோ. ஐந்தருவியில் குளித்துவிட்டு, தலையில் துண்டோடு, இவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிக்கிற அந்த வீடியோ. எத்தனை தடவை போட்டிருப்பேன். அதையும் ஒருவர் பார்த்திருக்கிறார்.

சாப்பிடவில்லை.

ஆனி 22, ஞாயிறு

ரஹீமுக்குப் போன். சுற்றி வளைக்கவில்லை. நேராகவே கேட்டேன், திரையை ஒளிந்து பார்க்கிற வேலையெல்லாம் எதற்கு என்று. கத்தியிருப்பேன் போல. ரூம் 2 ஆள் திரும்பிப் பார்த்தார்.

ரஹீம் முழுசாகக் கேட்டான். பிறகு, "நான் போட்டா ஒங்ககிட்டச் சொல்லிட்டுத்தான்க்கா போடுவேன். அப்படி ஒண்ணு எங்க கடையிலயே கெடையாது. சந்தேகம்னா வேற ஆளக் கூப்பிட்டுக்கோங்க." வைத்துவிட்டான்.

குற்றம் செய்தவன் என்றால் ஓடி வந்து அதை அழித்திருப்பான். இல்லை, கெட்டிக்காரன் என்றால் இப்படித்தான் கோபப்படுவான். இரண்டுக்கும் நடுவில் காலை முழுக்கச் சுற்றினேன். அடுத்து மகள்மேலேயே சந்தேகம். கோயம்புத்தூருக்குப் போன் போட்டு, "நம்ம கம்ப்யூட்டருல நீ எதுவும் ஏத்துனியா?" என்று கேட்டேன். "ஒனக்கு என்னம்மா ஆச்சு?" என்றாள். எனக்கே அதுதான் தெரியவில்லை.

பூரி உருட்டும்போது கை நின்றது. பெரியத்தான் போன மாதம் போனில் "முட்டிக்குப் பிண்டத் தைலம் தேச்சுப் பாரு" என்றார். முட்டி வலி என்று நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். இப்போது ரூம் ஏழு. சித்திரையில் கோயில் கொடை விழாவுக்கு நான் வாசுதேவநல்லூர் போயிருந்தபோது ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தது அவர்தான்.

ஆனால் இதெல்லாம் நினைப்பு. கேட்டால் இல்லை என்பார். இவரைத் தூக்கி வளர்த்த அண்ணன். ரஹீமிடம் கத்தியது போல அவரிடம் கத்திவிட முடியாது.

ஆனி 23, திங்கள்

குளிர் காற்று. கூட்டம் குறைவு. நல்லதாகப் போயிற்று.

யோசித்து வைத்ததைச் செய்தேன். கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தேன். படம் பச்சையாகும் வரை ரூம் கணக்கைச் சும்மா மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தேன். டீ ஆறிப்போன சமயம் அது பச்சையானது. பாம்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன்.

பச்சையாக இருக்கும்போதே தேடுகிற இடத்தில் அடித்தேன்: பாகப்பிரிவினை வக்கீல் தென்காசி. பிறகு இன்னொன்று: இரண்டு பேர் பெயரில் உள்ள லாட்ஜில் விதவைக்கு என்ன பங்கு. வந்ததையெல்லாம் மெதுவாக நகர்த்தினேன், பார்க்கிறவர் வாசிக்கட்டும் என்று.

பச்சை அப்படியே நின்றது. ரொம்ப நேரம். பிறகு சாம்பல்.

"என்னக்கா, ஒங்களுக்கு மட்டும் இப்படி வேர்க்கு? வெளிய குளுந்து கெடக்கு" என்றாள் வேலம்மாள்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. நாளைக்கு யார் வாயைத் திறக்கிறார் என்று பார்ப்போம்.

ஆனி 24, செவ்வாய்

இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டார். பெரியத்தான். குடை, ஒரு பை மாம்பழம். சொல்லாமல் வருகிறவர் இல்லை.

டீ கொடுத்தேன். மழையைப் பற்றிப் பேசினார். கூரையைப் பார்த்தார். பிறகு, "நம்ம குடும்பத்துல யாரும் கோர்ட்டு வாசல மிதிச்சதில்ல, செண்பகம். எதுன்னாலும் பேசித் தீத்துக்கிடலாம்" என்றார்.

"யாரு கோர்ட்டுக்குப் போறா?"

"இல்ல, பொதுவாச் சொல்லுதேன்."

"பொதுவாச் சொல்லவா இந்த மழையில சிவகிரியில இருந்து வந்திய?"

மாம்பழப் பையை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கல அத்தான். அந்தக் கம்ப்யூட்டருல மட்டுந்தான் அடிச்சேன். அதுவும் நீங்க பாக்குதியளான்னு பாக்கத்தான் அடிச்சேன்."

டம்ளரை வைத்தார். மேசை விளிம்பில் வைத்ததில் டீ சிந்தியது. "ஒன் பாதுகாப்புக்குத்தாம்மா. பொம்பள தனியா இருக்கே."

"பாதுகாப்புன்னா எங்கிட்டச் சொல்லிட்டுல்லா வைக்கணும்? கள்ளிய வேவு பாக்குத மாதிரியில்லா பாத்திருக்கிய."

சிவகிரியில் தெரிந்தவர் ஒருவர் போனிலேயே சொல்லித் தந்தாராம். பாஸ்வேர்டு? பில் எடுக்க வேண்டும் என்று ரஹீமிடம் கேட்டு வாங்கினாராம். "அவனுக்கு ஒண்ணுந் தெரியாது" என்றார். எனக்கு முகம் சுட்டது.

அதற்குப் பிறகு நான் பேசியதை இங்கே எழுதப் போவதில்லை. நிறையப் பேசினேன். அவர் நிமிர்ந்து, கையை முட்டியில் வைத்து, கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஓய்ந்த பிறகு சொன்னார்.

"மொதல்ல கணக்குப் பாக்கத்தான் வச்சேன். அதுல பொய் சொல்லல. பொறவு ஒரு நாள் நீ அந்த வீடியோவப் போட்டே. தம்பி துண்டோட நிக்கானே, அது. அன்னையில இருந்து மத்தியானம் ஆனா போன எடுத்து வச்சிக்கிடுவேன், நீ போடுதியான்னு." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "எனக்குப் படம் மட்டுந்தான் வருது. சத்தம் வரமாட்டேங்கு. அவன் என்னம்மா சொல்லிச் சிரிக்கான்?"

கோபம் போகவில்லை. போகாமல் அங்கேயே இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது.

சொன்னேன். "'தண்ணியா இது, எங்கண்ணன் தலையில குட்டுத மாதிரியில்லா விழுது'ன்னு சொல்லுதாவ."

எழுந்து மாடிக்குப் போனார். வராண்டாவில் ஈர விரிப்புகளுக்கு நடுவில் அவர் கால் மட்டும் தெரிந்தது. ரொம்ப நேரம் நின்றார். நான் மேலே போகவில்லை.

ஆனி 25, புதன்

ரஹீம் கடைக்கு நானே போனேன். மன்னிப்புக் கேட்டேன். தலையைக் குனிந்து ஏதோ திருகிக்கொண்டிருந்தான். "அண்ணாச்சி கேட்டதும் குடுத்தது என் தப்புதான்க்கா. ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கணும்" என்றான். இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாளாகும்.

மத்தியானம் லாட்ஜுக்கு வந்து அந்தப் புரோகிராமை எடுத்தான். "எடுத்துறவா?" என்று ஒரு தடவை கேட்டான். எடு என்றேன். புதுப் பாஸ்வேர்டை நான் அடித்தேன். அவன் வாசல் பக்கம் திரும்பி நின்றான்.

வீடியோவைப் பெரியத்தான் போனுக்கு அனுப்பினேன். சத்தத்தோடு. பார்த்துவிட்டார் என்று காட்டுகிறது.

ரூம் 4 கீசர் ஓடுகிறது. ரூம் 7-க்குத் தார்ப்பாய்.

படுக்கப் போகுமுன் ஒன்று. திங்கட்கிழமை அடித்தேனே, விதவைக்கு என்ன பங்கு என்று. பொறி வைக்க அடித்தது. ஆனால் அதற்குப் பதில் எனக்கு உண்மையிலேயே தெரியாது. இரண்டு சீசனாக இந்த லாட்ஜை நடத்துகிறேன், ஒருவரிடமும் கேட்டதில்லை. அவர் மாடியில் போய் நின்று அழுதார் என்பதற்காக அது தெரியாமலே இருந்துவிட வேண்டுமா?

ஆனி 27, வெள்ளி

வெயில். விரிப்பு எல்லாம் காய்ந்தது. வேலம்மாளை ரிசப்ஷனில் உட்காரச் சொல்லிவிட்டு, பத்திரத்தை எடுத்துக்கொண்டு தென்காசி பஸ்.

வக்கீலம்மா ஆபீஸ் ஒரு மருந்துக் கடை மாடியில். என் வயதுதான் இருக்கும். "சண்டையாம்மா?" என்றார்.

"சண்டை இல்ல. எனக்கு என்ன உண்டுன்னு தெரிஞ்சுக்கிடணும்."

தலையாட்டினார். அப்போது பையில் போன். பெரியத்தான். எடுக்காமல் விட நினைத்தேன். எடுத்தேன்.

"எங்கன இருக்கே? லாட்ஜுக்குப் போட்டா வேலம்மா எடுக்கா."

"தென்காசியில அத்தான். வக்கீலம்மா முன்னால உக்காந்துருக்கேன். நானே சொல்லுதேன். இனிம எது தெரியணும்னாலும் எங்கிட்டக் கேளுங்க."

வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"அங்கன மழ உண்டா?"

"இல்ல. வெயில் அடிக்குது."

"சரி. பேசிட்டுக் கூப்பிடு."

வக்கீலம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரத்துக்குக் கை நீட்டினார்.