க்ரீம் அனுப்பவில்லை

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று எப்போதும் ஒப்புக்கு எழுதுவோம். இந்தத் தடவை நிஜமாகவே நலமறிய ஆவல்.

பார்சல் வந்திருக்கும். நீ கேட்ட லிப்ஸ்டிக், உன் மகளுக்குக் கைப்பை, உன் வீட்டுக்காரருக்கு ஷேவிங் செட் எல்லாம் இருக்கும். கழுத்துக் கருப்புக்கு நீ கேட்ட க்ரீம் மட்டும் இருக்காது. மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. வாங்கி, பெட்டியில் வைத்து, திரும்ப எடுத்துவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் முழுசாகப் படி.

மூன்று மாதம் முன்பு இந்த ஊர் சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸ் பெண் என் பார்லருக்கு வந்தாள். இந்த நாட்டுக்கு வந்து குடியேறிய நம் தமிழ்ப் பெண்கள் ஆஸ்பத்திரிப் பக்கமே வருவதில்லையாம். எப்படி வருவார்கள்? அங்கே நம் மொழி பேச ஆளில்லை. புருஷனைக் கூட்டிப்போய் அவர் வாயாலா எல்லாவற்றையும் சொல்ல முடியும்? என் நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் மாமியார் முதல் மாதவிலக்கு வரை கொட்டித் தீர்ப்பார்கள். அதனால் நான் சொன்னால் கேட்பார்கள் என்றாள்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. பதினெட்டு வருஷமாக நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு புருவம் எடுக்கிறவள், வாயைத் திறந்து என்னத்தைச் சொல்வது? அப்புறம் நூலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எடுக்கப் பழகினேன். முதல் வாரம் இரண்டு பேருக்குப் புருவம் கோணலாகப் போயிற்று. இப்போது கை தேறிவிட்டது, பேசுவதற்கு வாயும் கிடைத்துவிட்டது. வருகிறவர்களோ இரண்டு கையாலும் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடக்கிறார்கள். எழுந்தும் போக முடியாது, குறுக்கே பேசவும் முடியாது. இதைவிட நல்ல சபை எனக்கு எங்கே கிடைக்கும்?

என்னையும் சேர்த்து ஐந்து பார்லர்காரிகளுக்கு அவள் இரண்டு நாள் வகுப்பு எடுத்தாள். பின்கழுத்து கருத்து, வெல்வெட் மாதிரி தடித்திருந்தால் அது அழுக்கு இல்லை, சில பேருக்குச் சர்க்கரை வருவதன் அடையாளமாக இருக்கலாம், எல்லாருக்கும் அப்படி இல்லை, ஆனாலும் ரத்தம் பார்த்துவிடுவது நல்லது என்றாள். மாதாமாதம் நான் ப்ளீச் போட்ட கழுத்துகள் வரிசையாக நினைவுக்கு வந்தன.

மறுநாளே ஸ்கூல் பஸ் அக்கா வந்தார். பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர், நாலு வருஷ வாடிக்கை. ப்ளீச் வேண்டாம், முதலில் ரத்தம் பாருங்கள் என்றேன். "அழகாக்கச் சொன்னா வியாதிக்காரி ஆக்குறியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். புருவத்துக்கு வந்திருந்தால் பிடித்து வைத்திருப்பேன்.

மூன்று வாரம் கழித்து வந்தார். சர்க்கரை இருக்கிறதாம், மாத்திரை தொடங்கிவிட்டாராம். நன்றி சொல்வார் என்று பார்த்தால், "நாலு வருஷமா என் கழுத்தப் பாத்தவ, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். எனக்கு அப்போது தெரியாது என்றேன். உண்மைதான். இருந்தாலும் அவர் போனபிறகு அழுதேன்.

இப்போது அவரே மற்றவர்களை இழுத்துக்கொண்டு வருகிறார். மாதத்தின் முதல் சனிக்கிழமை நர்ஸ் என் வேக்ஸிங் அறையில் சர்க்கரை பார்க்கும் மெஷினோடு உட்காருகிறாள். போன தடவை பதினொரு பேர் விரலை நீட்டினார்கள். உன் அக்கா கெட்டிக்காரி என்று இப்போதாவது ஒத்துக்கொள்.

இனி உன் விஷயம். ஆறு வருஷமாக அந்த க்ரீமை உனக்கு அனுப்பியது நான்தான். எல்லாப் போட்டோவிலும் நீ ஷாலைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்ததை ஸ்டைல் என்று கேலி செய்ததும் நான்தான். போனில் சொன்னால் "சரிக்கா, அடுப்புல வேலை கெடக்கு" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

திங்கட்கிழமை காலை, வெறும் வயிற்றில், காபிகூடக் குடிக்காமல் லேபுக்குப் போ. ஒன்றுமில்லை என்று வந்தால் இரண்டு டப்பா க்ரீம் அனுப்புகிறேன், என்னை ஆசை தீரத் திட்டு. ஏதாவது இருந்தாலும் பயப்படாதே. இப்போதே தெரிந்தால் வழி இருக்கிறது, அக்காவும் இருக்கிறேன்.

முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்று பஸ் அக்கா கேட்டதைத் தாங்கிக்கொண்டேன். அதையே நீ கேட்டால் தாங்கமாட்டேன். நூறு வயசு வரை என்னோடு சண்டை போட்டுக்கொண்டு நன்றாக இரு.

ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பு. கூடவே, ஷால் இல்லாமல் உன் படம் ஒன்று.

உன்
அக்கா