வைஃபையில் உன் பெயர்

வியாழன், இரவு

சின்னு, இந்த அம்மாவை விட்டு நீ ஒரேயடியாகப் போனபிறகு உன் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுவிடுகிறது. அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே, வெறும் சாஃப்ட்வேராக, நீ இன்னொரு கம்ப்யூட்டர் வைத்து, அதற்கு உன் செல்லப் பெயரையே கொடுத்திருந்தாயாம். நீ பாடிப் பதிந்ததெல்லாம் அதில்தான். உன் ஆபீஸ் திவ்யா லிங்கராஜபுரத்தில் நம் வீட்டுக்கே வந்து, அதை அப்படியே தன் லேப்டாப்பில் நகல் எடுத்தாள். நகல் திறந்தது, ஆனால் நெட் வரவில்லை. பாட்டை என் போனுக்கு அனுப்ப முடியவில்லை.

"தான் காப்பின்னு இதுக்கே தெரியல ஆன்ட்டி. பழைய நெட்வொர்க் கார்டு நம்பரையே தேடுது. அதை அழிச்சாதான் புதுசை ஏத்துக்கும். அழிக்கட்டுமா?"

"சுலபமா கேட்டுட்ட போ," என்றேன். அப்புறம் தலையாட்டினேன்.

நெட் வந்தது. உன் பாட்டெல்லாம் என் போனுக்கு வந்துவிட்டது. இன்னும் கேட்கவில்லை.

நம் வைஃபையில் எதெல்லாம் இணைந்திருக்கிறது என்று என் போனில் காட்டும் பட்டியலில் 'சின்னு' என்று இரண்டு பெயர். மேலே நகல், கீழே பழையது. பழையது இருக்கும் உன் கம்ப்யூட்டரின் ஒயரை நானே பிடுங்கிவிட்டேன். திவ்யா லேப்டாப்போடு கிளம்பியதும் மேலே இருந்த பெயர் போய்விட்டது. கீழே இருப்பது இன்னும் போகவில்லை.

திவ்யாவிடம் போனில் சொன்னேன். "அய்யோ ஆன்ட்டி, அது வைஃபை பாக்ஸ் பழைய பேரை ஞாபகம் வச்சிருக்கு, அவ்வளவுதான். பாக்ஸை ஒருதடவை ஆஃப் பண்ணுங்க, போயிடும்," என்று சிரித்தாள்.

நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஆஃப் செய்தால் நீ எங்கே போவாய், சின்னு?