என் பெயர் மட்டும் போதுமாம்

செவ்வாய், ஜூலை 8

எங்கள் மேனேஜர் ரமேஷை ஆபீசில் 'நீங்கள்' என்றுதான் கூப்பிட வேண்டும். இங்கேயாவது 'அவன்' என்று எழுதுகிறேன்.

சனி ஞாயிறு பார்க்காமல் படித்து நான் வாங்கிய கிளவுட் செக்யூரிட்டி சான்றிதழைக் காட்டித்தான் அவன் ஒரு வங்கியின் டெண்டரைப் பிடித்தான். பிடித்ததும் வேலையைத் தன் நண்பனின் தம்பியிடம் கொடுத்துவிட்டான். எனக்குப் பழையபடி ஹெல்ப்டெஸ்க்.

இன்று அந்த வங்கியிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். அதற்கு முன்பே என்னைக் கூப்பிட்டு, "மாலதி, நீ பக்கத்துல வந்து உக்காரு, போதும். பேச்செல்லாம் நக்கோ, வேண்டவே வேண்டாம்," என்றான். சிரித்துக்கொண்டே வேறு சொன்னான்.

அந்த அம்மாள் என்னிடம், "எங்க சிஸ்டத்துக்குப் பொறுப்பு நீங்கதானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவன் முந்திக்கொண்டு ஆமாம் என்றான்.

"இல்லை மேடம். உங்க சிஸ்டத்தை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை," என்றேன்.

அவர் லேப்டாப்பை மூடிவிட்டு, அவனுடைய மேலதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று எழுந்தார்.

அவர் போன பிறகு, "உன் காகிதத்துக்குன்னு தனியா என்ன மதிப்பு இருக்கு? நான் டெண்டர்ல போட்டாத்தான் மதிப்பு!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினான்.

"அப்போ இனிமே போடாதீங்க ரமேஷ்," என்றேன். என் மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. வேலை போனால் போகட்டும் என்று எழுதக் கை வரவில்லை. ஆனால் நாளைக்கு அவனிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.