வெள்ளிக்கிழமை நண்டு

ஆகஸ்ட் 23, சனி

சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் கவிதா இன்று வந்தாள். அவள் அம்மா இறந்து இன்னும் வருடம் திரும்பவில்லை. அதனால் இந்தத் தடவை எங்கள் வீட்டில் தீபாவளி கிடையாது. அந்த விடுமுறையில் என்னை பேங்காக் கூட்டிப்போகத் திட்டம் போட்டிருக்கிறாள்.

"வீட்டுல தனியா உக்காந்து செவுத்த பாக்க வேணாம்பா. கோயில் பாக்கலாம், நல்லா சாப்பிடலாம்."

பேங்காக்கில் எனக்கு என்ன வேலை? இருந்தாலும் அவள் முகத்துக்காகத் தலையாட்டினேன். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளாகச் சொல்லி வந்தாள். போய் இறங்கியதும் அரண்மனை, மறுநாள் படகுச் சந்தை, வெள்ளிக்கிழமை ராத்திரி சீனர் தெருவில் நண்டு.

"ஐயோ அலமாக், வெள்ளிக்கிழம நண்டு எப்படி கவி? அம்மா அன்னைக்கு சைவம்தான் சாப்பிடுவாங்கலா" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. கவிதாவின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. ஆனால் அவள் என்னைத் திருத்தவில்லை. நண்டைச் சனிக்கிழமைக்கு நகர்த்தினாள்.

"அங்க மாரியம்மன் கோயில் பக்கத்துல சைவக் கடை இருக்குப்பா. வெள்ளிக்கிழம அங்க போலாம்."

பிறகு பாத்திரம் கழுவப் போவதாகச் சொல்லி எழுந்துபோய்க் குழாயைத் திறந்தாள். கழுவ ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் நான் சாயங்காலமே கழுவிக் கவிழ்த்திருந்தேன். தண்ணீர் மட்டும் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.