மெலித்தேயின் கண்

சிவகாசி
12.10.1961

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். மதினியும் பிள்ளைகளும் சுகந்தானே? இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை. வாத்தியாருக்குத் தங்கச்சி ஞாபகம் லீவில்தான் வரும் போலிருக்கிறது.

எங்கள் வார்டில் கருப்பம்மாள் என்றொரு பிள்ளை இருக்கிறாள். பதின்மூன்று வயது. தாயில்பட்டியில் பட்டாசு மருந்து பற்றிக்கொண்டதில் முகம் வெந்துவிட்டது. கண்ணிரண்டிலும் கட்டு. மருந்து வைக்கும்போது அவள் போடும் சத்தம் தாங்க முடியவில்லை. நேற்று, நீங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கற்பனையாய் எழுதும் தெலோராத் தீவுக் கதையைச் சொன்னேன். சலவைக்கல் கோயில், பாய்மரக் கப்பல், கோபக்காரத் தெய்வங்கள். சத்தம் அடங்கிவிட்டது. "நர்சக்கா, அந்த ஊர்ல நிலா உண்டுமா? எப்படி வந்துச்சாம்?" என்கிறாள். எனக்கென்ன தெரியும்? எழுதி அனுப்புங்கள்.

உங்கள் தங்கை
இசபெல்

விருதுநகர்
16.10.1961

அன்புத் தங்கை இசபெல்லுக்கு,

கோபிக்காதே. பரீட்சைத் தாள்களுக்குள் மூழ்கிக் கிடக்கிறேன்.

தெலோராவில் நிலாவுக்கு ஆளுக்கொரு கதை. சூளைத் தெய்வம் முதலில் வனைந்த தட்டு அது, விரிசல் விட்டதால் வானத்தில் எறிந்துவிட்டது என்பார்கள் குயவர்கள். கடலரசன் மகள் தொலைத்த வெள்ளித் தோடு என்பார்கள் மீன்பிடிப்பவர்கள். அதைத் தேடித்தான் கடல் ஏறி இறங்குகிறதாம். பெரிய கதை ஒலிவத் தோப்புக்காரர்களுடையது. இடியரசன் ஒளித்துவைத்த நெருப்பை மெலித்தே என்ற பெண் எட்டிப் பார்த்துவிட்டாள். அவன் அவள் கண்ணைப் பிடுங்கி வானத்தில் எறிந்தான். அதுதான் நிலா. மாதம் ஒருமுறை அந்தக் கண் மூடும். மூன்றாம் நாள் கட்டாயம் திறக்கும். எந்த அரசனாலும் தடுக்க முடியாது.

பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

அண்ணன்
ராஜசிங்

சிவகாசி
24.10.1961

அன்புள்ள அண்ணா,

கதையைக் கருப்பம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப என் கண்ணும் தொறந்துரும்ல?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆமா தாயி" என்றேன்.

பார்வை வராது என்று டாக்டர் முந்தினநாளே சொல்லியிருந்தார், அண்ணா. தெரிந்துகொண்டேதான் வாசித்தேன். இப்போது கட்டுப் பிரிக்கும்போதெல்லாம், "இன்னைக்கு மூணாம் நாளா?" என்று கேட்கிறாள். என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. நீங்களே ஒருநடை வாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாகச் சொன்னால் கேட்பாள்.

இசபெல்

விருதுநகர்
28.10.1961

அன்புத் தங்கைக்கு,

பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன். வர இயலவில்லை. கதையை மாற்றி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மெலித்தேயின் கண்ணை யாரும் பிடுங்கவில்லை. இருட்டில் தடுமாறும் கப்பல்களுக்காக அவளே மனமுவந்து கொடுத்தாள். அந்தக் கண் அவளிடம் திரும்பாது. ஆனாலும் அவள் சந்தோஷமாக இருக்கிறாள். வாசித்துக் காட்டு. பிள்ளை தானாகப் புரிந்துகொள்வாள்.

ராஜசிங்

சிவகாசி
3.11.1961

அண்ணனுக்கு,

வாசித்தேன். புரிந்துகொண்டாள்.

"அவ குடுத்தா. நான் யாருக்கும் குடுக்கலையே நர்சக்கா. ஏங்கிட்ட யாரும் கேக்கவே இல்லையே" என்றாள். பிறகு, "நெசத்தச் சொல்லுங்க, எனக்குக் கண்ணு தெரியுமா தெரியாதா?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் அழவில்லை. அவள் அம்மா இருளம்மாள்தான் தரையில் விழுந்து அழுதாள்.

அதற்குப் பிறகு பிள்ளை என்னோடு பேசவில்லை. நாளை ஊருக்குக் கூட்டிப்போகிறார்கள். நான் செய்தது தப்புத்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு செய்தேன். நீங்கள் அதுகூடச் செய்யவில்லை, அண்ணா.

இசபெல்

விருதுநகர்
20.11.1961

அன்புத் தங்கை இசபெல்லுக்கு,

நீ எழுதியது உண்மை. இன்ஸ்பெக்‌ஷன் ஒருநாளில் முடிந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டுதான் கதை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

நேற்று தாயில்பட்டிக்குப் போனேன். உன் அண்ணன் என்று சொன்னதும் இருளம்மாள், "வாங்க சார்" என்று தண்ணீர் கொடுத்தாள். கருப்பம்மாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். "நிலாக் கதை சாரா?" என்றாள்.

"ஆமா தாயி."

"அந்தத் தீவுல கண்ணு தெரியாத பிள்ளைக என்ன செய்யுதுக?"

இத்தனை தெய்வங்களை உண்டாக்கினவனுக்கு அப்படியொரு பிள்ளை நினைவில் வந்ததேயில்லை. "தெரியாது தாயி" என்றேன்.

"தெரியாதுன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது அவளுக்குத் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது. "சொல்லியிருக்கணும். தப்புத்தான்" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

பாளையங்கோட்டையில் கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருப்பதைச் சொன்னேன். நானே கூட்டிப்போகிறேன் என்றேன். இருளம்மாள் சம்மதித்தாள். நான் வாசலுக்கு வந்த பிறகுதான் பிள்ளை உள்ளேயிருந்து கேட்டாள்.

"நெசமா திருப்பி வருவீகளா சார்? இல்ல, கதைதான் அனுப்புவீகளா?"

வருகிறேன் என்றேன். அவள் நம்பவில்லை, இசபெல்.

உன் அண்ணன்
ராஜசிங்