நீலத் தட்டு

திருவண்ணாமலை
8.12.2025

தென்றல் அப்பாவுக்கு,

நலம். போனில் பேசினால் இருவருமே கத்துகிறோம், எழுதியே பேசிக்கொள்ளலாம் என்றீர்கள். கம்பெனி உங்களை ஓசூருக்கு மாற்றிய இந்த ஆறு வருடத்தில் நீங்கள் சொன்னதில் உருப்படியானது அது ஒன்றுதான். தீபத்துக்கு வந்தவர் மறுநாள் காலையில் காபிகூடக் குடிக்காமல் ஓசூர் பஸ் ஏறிவிட்டீர்கள். முட்டி வலி எப்படி இருக்கிறது?

மார்ச்சில் வேலை முடிந்ததும் இங்கேயே வந்துவிடட்டுமா என்று கேட்டீர்கள். யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் அறையில் இப்போது கண்ணாடி உருக்கும் என் மின்சாரச் சூளை இருக்கிறது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் பகலெல்லாம் கண்ணாடிக் குழாய் கழுவுகிறவள், வீட்டுக்கு வந்தும் கண்ணாடியை உருக்கிக்கொண்டிருக்கிறாளே என்று நம் மகள் தென்றல் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் மகளுக்கு நிச்சயதார்த்தம். வெற்றிலை பாக்கு வைக்க தீபத்தன்று ஒரு நீலத் தட்டு செய்து சூளைக்குள்ளேயே ஆற விட்டிருந்தேன். நீங்கள் போன பிறகு மூடியைத் திறந்தால் இரண்டாகக் கிடந்தது. நீங்கள் திறந்து பார்த்தீர்களா?

மணிமொழி

ஓசூர்
14.12.2025

அன்புள்ள மணி,

முட்டி பரவாயில்லை. குளிர் ஜாஸ்தி, அதனால் காலையில் கொஞ்சம் பிடிக்கிறது. மெஸ் சாப்பாடு அலுத்துவிட்டது. உன் கையால் ஒரு வேர்க்கடலைச் சட்னி சாப்பிட்டால் போதும் என்று இருக்கிறது.

நான் உன் சூளைப் பக்கமே போகவில்லை. கரண்ட் போய் வந்திருக்கும். கண்ணாடிதானே, உடையாமல் இருந்தால்தான் அதிசயம். சூளையை மாடிக்கு மாற்ற முடியுமா? நான் வந்தால் அறை வேண்டுமே.

அறிவுச்செல்வன்

திருவண்ணாமலை
20.12.2025

தென்றல் அப்பாவுக்கு,

அன்று கரண்ட் போகவில்லை. தெருவில் ஒரு வீட்டு டிவிகூட நிற்கவில்லை.

சூடேறும்போது கண்ணாடி உடைந்தால், அதன்பிறகு வரும் சூட்டில் விளிம்பு உருகி மொழுமொழுவென்று ஆகிவிடும். ஆறும்போது மூடியைத் திறந்து குளிர்ந்த காற்று பட்டு உடைந்தால் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். என் தட்டின் விளிம்பு விரலைக் கிழித்துவிட்டது. மலை மேல் தீபம் ஏற்றிய நேரம் தெருவே மாடியில் நின்றது. முட்டி வலி என்று கீழே இருந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

துண்டுகளைப் பார்த்துவிட்டு ஜோதியம்மாள், “இன்னாமா இது, பூனை தள்ளிவுட்டுடுச்சா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உங்களுக்காக நான் சொல்கிற பொய் இதுவே கடைசியாக இருக்கட்டும்.

தட்டு போனதில் எனக்குக் கோபம் இல்லை, இன்னொன்று செய்துகொள்வேன். திறந்தேன் என்று நீங்கள் சொன்னால் அறையைப் பற்றிப் பேசலாம். திறக்கவில்லை என்றே சொல்வதானால் மார்ச்சில் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணிமொழி

ஓசூர்
2.1.2026

அன்புள்ள மணி,

திறந்தேன். மேலே எல்லோரும் “அரோகரா” என்றதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆறு வருடமாக என் அறையில் என்னதான் செய்கிறாய் என்று பார்க்கத் தோன்றியது. முகத்தில் அனல் அடித்தது. தட்டு அவ்வளவு அழகாக இருந்தது, அதைச் சொல்ல வேண்டும். பிறகு ‘டிக்’ என்று ஒரு சத்தம். மூடிவிட்டேன். காலையில் உன் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் காபி குடிக்கவில்லை.

சொல்ல ஆரம்பித்த பிறகு பாதியில் நிறுத்த மனம் வரவில்லை. ஓசூர் மாற்றலைக் கம்பெனி போடவில்லை. நான்தான் கேட்டு வாங்கினேன். வீட்டில் மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது. ராஜேந்திரன் என்னோடு வேலை பார்த்தவன், அங்கே உன்னை அடிக்கடி பார்க்கிறவன், அவன் எப்போதோ உன்னிடம் சொல்லியிருப்பான். தெரிந்தும் நீ கேட்காமல் இருந்தது உன் பெரிய மனசு.

இனி என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை. வரட்டுமா?

அறிவுச்செல்வன்

திருவண்ணாமலை
17.1.2026

தென்றல் அப்பாவுக்கு,

ராஜேந்திரன் எதையும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது.

ஆறு வருடமாக அந்தக் கம்பெனியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பள்ளிக்கு லீவு போட்டேன். அழுதேன். மூன்றாம் நாள் புதுத் தட்டு செய்து, மறுநாள் ஜோதியம்மாளிடம் கொடுத்தேன். உடைத்தது பூனை இல்லை, நீங்கள்தான் என்றும் சொல்லிவிட்டேன். அந்த அம்மாளுக்கு முன்பே தெரியுமாம்.

நேற்று திருவூடல். அம்மன் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டாள். சாமி தனியாக ராத்தங்கி, இன்று காலை மலையைச் சுற்றி வந்தார். சாயங்காலம் இருவரும் சமாதானம் ஆகிவிடுவார்கள். தெருவில் கூட்டத்தோடு நின்று பார்த்தேன். எனக்கு ஒரு ராத்திரி போதாது.

உண்மையைச் சொன்னீர்கள், அதை இல்லையென்று சொல்லமாட்டேன். அறையைப் பற்றிப் பேசலாம் என்று நானும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இப்போது இல்லை. தட்டு ஆறவே பதினாலு மணி நேரம் ஆகிறது, எனக்கு எவ்வளவு ஆகும் என்று தெரியவில்லை. நானே எழுதுவேன். அதுவரை கடிதம் போடாதீர்கள், ஆறிவிட்டதா என்று திறந்து பார்க்காதீர்கள்.

முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

மணிமொழி