கீழ்த் திரையில் சீனி அண்ணன்

நாள் 212. நேரம் 06:10
வழக்கமான பதிவு

எழுதுபவர் ரெஜினா மச்சாடோ. நிலவின் தென்முனை, மேட்டு நிலையம். ஊர் தூத்துக்குடி, வயது நாற்பத்தாறு.

காற்றழுத்தம் சரி. பேட்டரி 71 சதவீதம். மலை நிழல் நிலையத்தின் மேல் விழுந்து இது இரண்டாவது நாள். இன்னும் மூன்று நாளைக்கு வெயில் கிடையாது, சேமித்து வைத்த மின்சாரத்தில்தான் ஓட்ட வேண்டும்.

இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் என் மேசையைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. மேசையில் ஒரு லேப்டாப் இருக்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு திரை. மேல் திரையில் இந்த நிலையம்: காற்று, ஹீட்டர், மின்சாரம், கதவு. கீழ்த் திரையில் ஒரு வண்டி. பெரும் பள்ளத்தின் அடியிலிருந்து பனிக்கட்டி ஏற்றி வரும் பதினாறு சக்கர வண்டி. ஓட்டுபவர் சீனி முகம்மது, கீழக்கரைக்காரர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். எனக்கு அவர் அண்ணன், அவருக்கு நான் தங்கச்சி. பள்ளத்தில் எப்போதும் இருட்டு. பூமியின் குரல் அங்கே எட்டாது, என் குரல்தான் எட்டும். எடையைக் குறைக்கிறோம் என்று சொல்லி அவர் கேபினில் இருந்த பொத்தான்களையெல்லாம் கழற்றிவிட்டார்கள். ஸ்டியரிங் மட்டும் அவர் கையில். மூச்சு, சூடு, வழி எல்லாம் என் கீழ்த் திரையில்.

இந்த லேப்டாப் வருவதற்கு முன் இங்கே இரண்டு பேர் இருந்தோம். நிலையத்தைத் தில்லைவிடங்கன் பார்த்தார், வண்டியை நான் பார்த்தேன். லேப்டாப் வந்து இறங்கிய கப்பலிலேயே அவரை ஏற்றி அனுப்பினார்கள். திரை இரண்டாகிவிட்டதாம், ஆள் ஒன்று போதுமாம். ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பதில் நான் கெட்டிக்காரி என்று சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். இரண்டு கண்ணையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க ஒரு வழி சொல்லுங்கள் என்று கேட்டேன். சிரித்தார்கள்.

கீபோர்டு ஒன்றுதான். எந்தத் திரையின் ஓரத்தில் மெல்லிய நீலக் கோடு தெரிகிறதோ, அடிப்பது அந்தத் திரைக்குப் போகும்.

நாள் 212. நேரம் 08:58
தவறு

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

08:40க்கு மேல் திரையில் எச்சரிக்கை. தில்லைவிடங்கன் இருந்த காலி அறையில் காற்று கசிகிறது. அந்த அறைக்குப் போகும் குழாய் வால்வு நான்கு. அதே நிமிடத்தில் கீழே சீனி அண்ணன் ஒரு பாறை இடுக்கைக் கடந்துகொண்டிருந்தார். ஒரு கண் அங்கே, ஒரு கண் இங்கே. 08:42க்கு அடித்தேன்: வால்வு நான்கு, மூடு, பூட்டு.

நீலக் கோடு கீழ்த் திரையில் இருந்தது.

வண்டியிலும் வால்வு நான்கு என்று ஒன்று உண்டு. இரண்டுக்கும் ஒரே கணினி நிரலை எழுதிய புண்ணியவான்கள் எண்களையும் ஒன்றாகவே வைத்துவிட்டார்கள். வண்டியில் அது அண்ணனின் பிராணவாயுத் தொட்டி. பூட்டு என்றால் ஓர் ஊசி இறங்கி வால்வை இறுக்கிவிடும். பட்டறையில் கழற்றினால்தான் உண்டு.

"தங்கச்சி, உள்ள டொக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சு. காத்து வர்ற குழாய் சும்மா கெடக்கு."

"நான்தாண்ணே மூடிட்டேன். மேல அடிக்க வேண்டியத கீழ அடிச்சிட்டேன்."



"எம்புட்டு நேரம் தாங்கும்?"

"கேபின்ல மூணு மணி நேரம். உங்க உடையில அஞ்சு. மொத்தம் எட்டு."

"வழி?"

"பதினொரு மணி நேரம்."

"சரி. அழுவுறதா இருந்தா அப்புறம் அழுவு. இப்ப வழியப் பாரு."

நிலையத்தின் வால்வு நான்கை இப்போதுதான் மூடினேன். பாதியில் சிக்கிக்கொண்டது. நிலையத்துக்குள் காற்றை நிரப்பும் காற்றூதி ஓடும்வரை அந்தக் கசிவை ஈடுகட்டிவிடலாம். அண்ணனின் காற்று 16:40க்குத் தீரும்.

நாள் 212. நேரம் 09:35
பூமியிலிருந்து செய்தி

பணி மேலாளர் சாரநாதன்: "நிகழ்வு வருந்தத்தக்கது. வண்டியின் வால்வு தானாகப் பழுதானதாகப் பதிவு செய்யவும். பனிச் சரக்கைப் பாதுகாக்கவும். நிலையத்துக்கு ஆபத்து நேராத வகையில் மட்டுமே மீட்பு முயற்சி மேற்கொள்ளலாம்."

என் பதில்: "வால்வு பழுதாகவில்லை. நான் மூடினேன். சரக்கைக் கொட்டச் சொல்லிவிட்டேன்."

நாற்பது டன் பனிக்கட்டியை அண்ணன் பள்ளத்திலேயே கவிழ்த்தார். வண்டி இப்போது லேசு. கிழக்குச் சரிவில் ஏறினால் ஆறரை மணி நேரத்தில் வந்துவிடலாம். அந்தச் சரிவில் இதுவரை யாரும் ஏறியதில்லை, வீடு அளவுக்குப் பாறைகள் கிடக்கின்றன. அவருடைய விளக்குக்கு முப்பது அடிக்கு மேல் எதுவும் தெரியாது. மேலிருந்து ரேடாரில் பார்த்து ஒவ்வொரு திருப்பமாக நான் சொல்ல வேண்டும்.

நாள் 212. நேரம் 10:05
மேல் திரையை மூடினேன்

ரேடாரை முழு வேகத்தில் ஓட்டும் அளவுக்கு மின்சாரம் இல்லை. ஹீட்டரையும் காற்றூதியையும் நிறுத்தினால் போதும். நிலைய நிரல் ஓடிக்கொண்டிருக்கும்வரை அவற்றை நிறுத்த விடாது. உள்ளே ஆள் இருக்கிறதாம், பாதுகாப்பாம். உள்ளே இருக்கிற ஆள் நான்தான். நிரலையே மூடிவிட்டேன்.

இப்போது மேல் திரையில் ரேடார் படம், கீழ்த் திரையில் வண்டி. இந்த லேப்டாப் என் கைக்கு வந்து நூற்றுத் தொண்ணூறு நாள் ஆகிறது. இரண்டு திரையிலும் ஒரே வேலை, ஒரே மனிதர் என்று உட்கார்ந்தது இன்றுதான். முதல் தடவையாக இந்தச் சனியன் எனக்குப் பிடித்திருக்கிறது.

விண்வெளி உடையைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டேன். கையுறை மாட்டவில்லை. கையுறை விரலைத் திரை ஏற்காது, கீபோர்டு பொத்தான்களும் மூன்று மூன்றாக அமுங்கும். கையுறை இல்லாமல் தலைக்கவசம் மாட்டியும் பயனில்லை, உடை காற்றை அடைக்காது.

நாள் 212. நேரம் 12:20
சரிவு

உள்ளே நான்கு டிகிரி. அழுத்தம் 88 சதவீதம்.

அண்ணன் கேபின் காற்றை முடித்துவிட்டு உடைக்கு மாறிவிட்டார். கணக்குப்படிதான் போகிறது. ஒரு தடவை வலப்பக்கச் சக்கரங்களில் நான்கு பாறை விளிம்பைத் தாண்டித் தொங்கின. நான் சொன்ன திருப்பம் இரண்டு அடி பிசகிவிட்டது.

"தங்கச்சி, பின்னாடி எடுக்கவா?"

"எடுக்காதீங்க. இடது பக்கம் ஒடிச்சு முன்னாடியே போங்க. மெதுவா."

போனார். நான்கு சக்கரமும் தரைக்கு வந்தன.

சாரநாதன்: "நிலைய நிரலை உடனே இயக்கவும். இது உத்தரவு. உங்கள் திறன் மதிப்பீடு பாதிக்கப்படும்."

பதில்: "பாதிக்கப்படட்டும். இரண்டு ஆள் வேலையை ஒரு மேசையில் கட்டிப்போட்டவர்களின் மதிப்பீடு எப்போது பாதிக்கப்படும்?"



நாள் 212. நேரம் 14:30
குளிர்

உறைநிலைக்குக் கீழே ஒன்பது. அழுத்தம் 71. மூச்சை இரண்டு தடவை இழுத்தால்தான் ஒரு மூச்சாக இருக்கிறது.

லேப்டாப்பின் அடிப்பக்கம் மட்டும் சூடு. திருப்பம் சொல்லி முடித்ததும் விரல்களை அதன் அடியில் செருகிக்கொள்கிறேன். இடது கைச் சுண்டு விரலும் மோதிர விரலும் யாரோ ஒருவருடையவைபோல் இருக்கின்றன. வலது கை பரவாயில்லை.

அண்ணன் பாட ஆரம்பித்தார். குரல் நல்ல குரல் இல்லை. காற்று வீணாகும், நிறுத்துங்கள் என்றேன்.

"நீ பேசாம இருந்தா எனக்கு பயமா இருக்கும்மா. நீயாவது எதையாவது பேசு."

பேசினேன். துறைமுகத்தில் வேலை பார்த்த காலம், எங்கள் வீட்டுச் சண்டைகள், என் மகள் கல்யாணமே வேண்டாம் என்று சொன்னது. நடுநடுவே இடது, வலது, நேராக. ஆறு மாதமாக இந்த மனிதரிடம் தினமும் பேசுகிறேன். ஒரு தடவைகூட முழுதாகக் கேட்டதில்லை, பாதி கவனம் எப்போதும் மேல் திரையில்தான். இன்று முழுக் கவனமும் அவருக்கு. குற்ற உணர்ச்சி என்னைத் தின்கிறது. தின்னட்டும், விரலை மட்டும் விட்டுவைத்தால் போதும்.

நாள் 212. நேரம் 15:50
மேடு

−17. அழுத்தம் 62.

கடைசிப் பாறைக் கூட்டம். ஏழு திருப்பம். ஐந்து முடிந்தது.

படம் மங்குகிறது, அல்லது என் கண். இரண்டு திரையும் ஒன்றாகத் தெரிகிறது.

ஆறு. வலது, பன்னிரண்டு அடி.

ஏழு.

"தங்கச்சி, வெளக்கு தெரியுது. ஒன் வெளக்குதான? பச்சை."

என் விளக்குதான். இனி நான் தேவையில்லை, அவரே ஓட்டி வந்துவிடுவார். அழுதேன். கண்ணீர் இமையிலேயே உறைந்தது.

நாள் 212. நேரம் 16:24
படிவம்

வண்டி வாசலில், கேபின் கதவு நிலையக் கதவோடு காற்றுக் கசியாமல் பொருந்திவிட்டது. அண்ணனிடம் பதினாறு நிமிடக் காற்று.

வெளிக்கதவைத் திறக்க நிலைய நிரல் வேண்டும். இயக்கினேன். மேல் திரை முழுக்க ஒரு படிவம். நிரல் நிறுத்தப்பட்டதற்குக் காரணமான நிகழ்வைத் தேர்ந்தெடுக்கவும். ஒன்று, வால்வுக் கோளாறு. இரண்டு, ஓட்டுநர் தவறு. மூன்றாவது இல்லை. எழுதுவதற்கு இடமும் இல்லை. ஒன்றைத் தொட்டுக் கையொப்பம் இட்டால்தான் மேலே போகும்.

சாரநாதன்: "முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். யாருக்கும் பாதகம் இல்லை. 08:58 பதிவை நீக்கிவிடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

அண்ணனிடம் சொன்னேன்.

"அதுல எம்பேரு இருக்கா?"

"ரெண்டாவதுல இருக்குண்ணே."

"அப்ப மொதல்ல உள்ளத அமுக்கிட்டுத் தொறம்மா. உசுரு முக்கியம்."

"அமுக்கினா இந்த லேப்டாப் மேல தப்பே இல்லன்னு ஆயிரும். அடுத்த மாசம் மத்த பதினோரு நெலையத்துலயும் ஒத்த ஆள உக்கார வைப்பாங்க. அங்க ஒவ்வொரு வண்டியிலயும் ஒரு ஆளு இருக்கான்ணே."



"வேற வழி இருக்கா?"

இருக்கிறது. சுவரில் கைப்பிடி. அறுபது சுற்று சுற்றினால் கதவு முழுதாகத் திறக்கும், எட்டு நிமிடம் ஆகும். கணக்குப் பார்த்துத்தான் மறுக்கிறேன். அவர் உயிரை வைத்து வீம்பு பிடிக்க மாட்டேன். நான்கு நிமிடம் மிச்சம் இருக்கும்போது முடியாது என்று தெரிந்தால் ஒன்றைத் தொட்டுவிடுவேன்.

"அப்ப சுத்து. எங்கிட்ட கடப்பாரை இருக்கு. கொஞ்சம் சந்து விட்டா நெம்பிருவேன்."

காரணத்தை இங்கே எழுதுகிறேன், படிவத்தில் இடமில்லாததால். மூடியது நான். இரண்டு வேலை, ஒரு கீபோர்டு, ஒரே எண் என்று ஏற்பாடு செய்தது நிறுவனம். இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை.

இடது கை மடங்கவில்லை, இனிக் கையுறை மாட்டவும் முடியாது. வலது கையும் முழங்கையும் போது

நாள் 212. நேரம் 17:15
எழுதுவது சீனி முகம்மது, வண்டி ஓட்டுநர்

எனக்கு டைப் அடித்துப் பழக்கமில்லை. ஒற்றை விரலால் அடிக்கிறேன்.

கைப்பிடியில் சுற்று எண் 41இல் நிற்கிறது. அந்தச் சந்தில் கடப்பாரையை விட்டு நெம்பி வந்தேன். உள்ளே வந்தபோது என் காற்று இரண்டு நிமிடம் பாக்கி. தங்கச்சி கைப்பிடிக்குக் கீழே விழுந்து கிடந்தார். வலது உள்ளங்கைத் தோல் கைப்பிடியோடு ஒட்டியிருந்தது. அவருடைய கையுறையும் தலைக்கவசமும் மாட்டிவிட்டேன். அவர் உடைத் தொட்டி நிறையக் காற்று, அவர் தொடவே இல்லை. ஹீட்டருக்கும் காற்றூதிக்கும் படிவம் கேட்டது. வயரை அறுத்து நேராக பேட்டரியில் கொடுத்துவிட்டேன், வண்டிக்காரனுக்கு அது தெரியும்.

மேல் திரை இன்னும் காரணம் கேட்டுக்கொண்டிருக்கிறது. பூமியிலிருந்து நான்கு செய்தி வந்திருக்கிறது. நான்கும் படிவத்தைப் பற்றி. 08:58இல் அவர் எழுதியதை நீக்கச் சொல்கிறார்கள். படித்தேன். ஓர் எழுத்தும் தொடவில்லை.

தங்கச்சிக்கு மூச்சு இருக்கிறதா என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

இருக்கிறது. அவர்கள் கேட்கட்டும், அப்புறம் சொல்கிறேன்.